மிஷினின் பதினாறு நொடி

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். லிஃப்டில் ஏறிய முதல் ஆளும் நான்தான். அதில் மாட்டிக்கொண்ட முதல் ஆளும் நானே என்பதை மட்டும் அம்மாவிடம் போனில் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் அது. பன்னிரண்டு மாடிக் கட்டிடம். எங்கள் காப்பீட்டு அலுவலகம் ஒன்பதாவதில். காலை ஒன்பதேகாலுக்கு, ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவே, கூண்டு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது. உள்ளே நான் ஒருவன்தான். கதவைத் தட்டினேன், கத்தினேன், கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கினேன். பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறியவன் செய்யக்கூடிய காரியங்கள் அல்ல அவை.

கொஞ்ச நேரம் கழித்து, பொத்தான்களுக்கு மேலே துளைத்துளையாக இருந்த தகட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். மூச்சு முட்டுது சார். எவ்வளவு நேரம் ஆகும்? கயிறு கியிறு அறுந்துடுமா?"

"நான் மேல இருக்கேன்."

அவ்வளவுதான். நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, அல்லது எனக்கு அப்படித் தோன்றியபின், "மேலதான் இருக்கேன். இறக்குறேன்" என்று மறுபடி வந்தது. மறுபடி அமைதி. கூண்டு விரல்கடை விரல்கடையாக இறங்கி, ஏழாவது மாடியில் கதவு திறந்தது.

கட்டிடத்து லிஃப்ட் மெக்கானிக் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ நம்ம பக்கத்து ரூம் பையன் தானே?"

அப்போதுதான் எனக்கு ஒரு பெரிய புதிர் விடுபட்டது. நான் குடியிருந்த அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒட்டுப்பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கமிருந்து, சனிக்கிழமை தவிர, தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு சத்தம் தொடங்கும். டிக் டிக் டிக் டிக் என்று, மூச்சு விடாமல், ஒரு மணி நேரம். வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கிழிந்த கால்சட்டை ஒன்றைக் கொடுத்துத் தைத்து வாங்கலாம் என்றுகூட எடுத்து வைத்திருந்தேன்.

அது எலக்ட்ரிக் கிடார். சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில் இணைக்காமல் வாசிக்கும் எலக்ட்ரிக் கிடார்.

சனிக்கிழமைகளில் அவர் பதினான்கு வருஷமாக ஒரு பாட்டுக் குழுவில் வாசித்து வந்தார். நகரத்து ஹோட்டல் ஒன்றின் மாடியில், சாப்பாட்டு ஹாலின் மூலையில், மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை. கீபோர்டு வாசிப்பவர் மாஸ்டர். பகலில் மருந்துக் கடை வைத்திருப்பவர். பாடுகிறவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். டிரம்ஸ்காரருக்கு டயர் கடையும் ஒரு வேனும் உண்டு. குழுவின் பெட்டி, வயர் எல்லாம் அந்த வேனிலேயே கிடக்கும். குழுவில் யாரும் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மிஷின் என்பார்கள். தையல் மிஷின் என்பதன் சுருக்கம். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கஷ்டமானதுதான் உசத்தி என்று நம்பி நம்பியே படித்து மேலே வந்தவன். மாஸ்டர் சொந்தமாக மெட்டமைத்த பாட்டு ஒன்றில், நடுவில் டீச்சர் பாட்டை நிறுத்த, கிடார் மட்டும் தனியாக வாசிக்க ஓர் இடம் இருந்தது. கடிகாரத்தில் பதினாறு நொடி. முடிந்ததும் ஒன்றிரண்டு மேசையிலாவது கை தட்டுவார்கள். அந்தப் பதினாறு நொடிக்காகத்தான் அவர் வாரம் முழுவதும் டிக் டிக் என்று உழைத்தார். ஒரு சனிக்கிழமை அதைப் போனில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் போட்டு எண்ணிப் பார்த்தேன். நூற்று எழுபத்திரண்டு சுரங்கள்.

"அண்ணே, நொடிக்குப் பத்துக்கு மேல வருது" என்றேன்.

மறுநாள் அவர் அறைக்குப் போனபோது கண்ணாடிக்குப் பக்கத்தில் பென்சிலால் 172 என்று எழுதியிருந்தது.

அந்த அறையில் வேறு எழுத்து எதுவும் கிடையாது. ஒரு கட்டில், கொடியில் இரண்டு சீருடை, ஓர் ஆளுக்கான பாத்திரங்கள், கட்டிலுக்கடியில் கிடார் பை. அலமாரிக் கதவின் உள்பக்கம், திறந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு பெண் குழந்தையின் படம்: ஒன்பது வயது, முன்பல் இரண்டு பெரிது. அவர் மகள். இப்போது பதின்மூன்று.

மனைவி ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். நான்கு வருஷத்துக்கு முன் பதவி உயர்வோடு வேறு நகரத்துக்கு மாற்றினார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போவது, இவர் அடுத்த மாதம் வேலை தேடிக்கொண்டு பின்னால் போவது என்று ஏற்பாடு. அடுத்த மாதம் வரவேயில்லை. சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மனைவிக்குப் போன் போடுவார். பத்து நிமிஷம். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் காதில் விழாமல் இருக்க வழியில்லை. வாரம் முழுக்க வாயைத் திறக்காத மனிதர் அந்தப் பத்து நிமிஷமும் கொட்டித் தீர்ப்பார். "நல்லா இருக்கேன், இங்க மழைதான், மூணாவது மாடிக் கதவு மறுபடி மக்கர், புது கயிறு வந்துடுச்சு, எட்டு கயிறும் மாத்தணும், மேனேஜர் மாறிட்டாரு, சாப்பாடெல்லாம் ஒழுங்காத்தான், சரி, பத்து நிமிஷம் ஆச்சு, வைக்கட்டுமா." வைத்துவிடுவார். இரண்டு நிமிஷத்தில் டிக் டிக் தொடங்கிவிடும்.

ஆக, அவருக்கென்று மனுஷர்கள் இருந்தது சனிக்கிழமையில்தான். வேனில் பெட்டிக்கும் டிரம்முக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு போவார். டீச்சர் கொண்டுவரும் பிஸ்கட்டை ஆளுக்கு இரண்டாகப் பிரிப்பது அவர் வேலை. டிரம்ஸ்காரர் போகும் வழியெல்லாம் அவரைக் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலுக்காகவே சனிக்கிழமை மத்தியானம் சவரம் செய்துகொள்ளும் மனிதர்.

கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் போய், சமையலறைக் கதவோரம் நின்று கேட்பேன். அப்படி நின்ற ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சி முடிந்ததும் ஹோட்டலுக்குப் புதிதாகச் சேர்ந்த மேனேஜர் வந்தார். மாஸ்டரிடம் மெல்லப் பேசிவிட்டுப் போனார். மாஸ்டர் கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டே இவரைப் பார்க்காமல் பேசினார்.

"மிஷின், அந்தப் பாட்டு நடுவுல நீ வாசிக்கிறப்ப சாப்பிடறவங்க பேச்சை நிறுத்திடறாங்களாம்."

"கவனிக்கிறாங்க மாஸ்டர்."

"கவனிக்கல. பேச முடியல. பில்லைக் கொண்டான்னு சொல்றாங்களாம்."

டிரம்ஸ்காரர் சிரித்தார். இவரும் சிரிக்கப் பார்த்தார்.

"நாலு சுரம் போதும்ப்பா அந்த இடத்துக்கு" என்றார் மாஸ்டர். "நான் மெட்டுப் போட்டப்பவே நாலுதான் நெனச்சேன். அடிச்சு, அது நிக்கிற வரைக்கும் விட்டுரு. அப்புறம் அடுத்தது."

"நாலுன்னா கத்துக்க வந்தவனே வாசிப்பானே. இத்தனை வருஷம் நான் எதுக்கு உக்காந்து..."

"ரெண்டு சனிக்கிழமை தர்றேன். முடியலன்னா அந்த இடத்தை நான் கீபோர்டுல எடுத்துக்கறேன். மத்த பாட்டுல கிடாருக்குப் பெரிசா வேலையும் இல்ல. அப்புறம் நீ எதுக்கு வீணா அலையணும், சொல்லு."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அலைச்சலைப் பற்றி அக்கறையாகச் சொன்னார். அன்றைக்கு வேனில் பிஸ்கட்டைப் பிரிக்கச் சொல்லி டீச்சர் நீட்டியபோது, இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் தடுப்புக்கு அந்தப் பக்கம் புதுச் சத்தம் கேட்டது. டிக். அப்புறம் ஒன்றுமில்லை. டிக். ஒன்றுமில்லை. மூன்றாவது டிக்குக்குப் பிறகு தாங்காமல் ஒரு கொத்து டிக்குகள் வந்து விழும். "சே" என்பார். மறுபடி முதலிலிருந்து.

முதல் சனிக்கிழமை ஹாலிலும் அதேதான் நடந்தது. முதல் சுரத்தை அடித்தார். இரண்டாவதை அடித்தார். மூன்றாவது அடங்குவதற்குள் விரல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. மிச்சமிருந்த ஏழெட்டு நொடிக்குள் பதினாறு நொடிச் சரக்கையும் திணித்தார். டீச்சர் பாட்டை மறுபடி எடுக்க வேண்டிய இடம் தெரியாமல் தடுமாறி, அரை அடி தள்ளி எடுத்தார். மாஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒன்று மிச்சம்.

மறுநாள் போன் பேச்சு முடிந்து, டிக் டிக் தொடங்காததால் அவர் அறைக்குப் போனேன். கிடார் மடியில் இருந்தது.

"கேளு" என்றார். ஒரு கம்பியை மீட்டினார். கொசு ரீங்காரம் அளவுக்கு எழுந்து, இரண்டு எண்ணுவதற்குள் காணாமல் போயிற்று. "கேட்டியா? செத்துப் போச்சு. செத்த பொணத்தை வெச்சுக்கிட்டு நாலு நொடி நான் எப்படி உக்காந்திருக்கிறது? அதான் கை தானா அடுத்ததுக்குப் போவுது."

என் படிப்புக்கு அந்த நகரத்தில் முதல் தடவையாக வேலை வந்தது.

"சாகலண்ணே. கம்பி ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. தொட்டுப் பாருங்க. பெட்டியில மாட்டலைன்னா காதுக்கு எட்டாது, அவ்வளவுதான். நீங்க பெட்டியோட தனியா வாசிச்சிருக்கீங்களா?"

யோசித்தார். "இல்லையே."

"ஒரு தடவைகூட?"

"வீட்டு ஓனரம்மா பெட்டியை உள்ள விடாது. மேடையில டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து அடிக்கறப்ப என்னத்தைக் கேக்கறது."

"ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு வாசிக்கிற மாதிரி வந்திருக்கே."

"காதை அடைச்சுக்கிட்டா போன் அடிச்சா தெரியாது. எவனாவது உள்ள மாட்டிக்கிட்டுக் கெடப்பான்."

எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம் என்ற வேலை. அதற்காகக் காதைத் திறந்து வைத்தே பழகி, பதினான்கு வருஷமாகத் தன் கிடாரின் குரலை முழுதாகக் கேட்காமல் இருந்திருக்கிறார். வாசிக்கிற ஒவ்வொன்றும் உடனே அடங்கிப்போகும் என்று நம்பி, அடங்குவதற்குள் அடுத்ததை, அதற்குள் அடுத்ததை என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார். அந்த அடுக்கை நான் எண்ணிச் சொல்ல, அவர் சுவரில் எழுதியும் வைத்துவிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டிடம் பூட்டிக் கிடக்கும். சாவி அவரிடம் உண்டு. டயர் கடைக்காரரிடம் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, லிஃப்டில் ஏற்றி, பன்னிரண்டாவது மாடிக்கு மேல் மொட்டை மாடியில் இருந்த இயந்திர அறைக்குக் கொண்டுபோனோம். பெரிய மோட்டார், பச்சைச் சாயம் பூசிய சக்கரம், அதன்மேல் விரல் பருமனில் எஃகுக் கயிறுகள். அந்தக் கயிறுகள் தரையிலுள்ள துளைகள் வழியாகக் கீழே இறங்கிப்போயின. துளையில் எட்டிப் பார்த்தால் பன்னிரண்டு மாடி ஆழத்துக்கு இருட்டு. சுவரில் ஒரு சின்ன மைக். என்னோடு அன்றைக்குப் பேசியது அதில்தான்.

பெட்டியை இணைத்து, ஒரே ஒரு கம்பியை மீட்டினார்.

சத்தம் அறையை நிறைத்து, துளைகள் வழியாகக் கீழே இறங்கி, எங்கோ அடிமாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வந்தும் போகவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். பத்து வரை எண்ணியும் அது இருந்தது.

அவர் சட்டென்று உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கினார்.

"என்னண்ணே?"

"இவ்வளவு நேரம் நான் என்ன பண்றது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டிருந்தார். மறுபடி மீட்டினார். ஐந்து எண்ணுவதற்குள் இடதுகை விரல்கள் தாமாக அசைந்தன, மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவையும் அப்படியே. பெட்டியை அணைத்துவிட்டு மோட்டார் மேடைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"மேடையில அது தனியா நிக்கறப்ப, எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு. சும்மா நிக்கறான் பாருன்னு. ஏதாவது பண்ணிக்கிட்டே இருந்தா தெரியாது."

கயிற்றுத் துளையிலிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. துளையைப் பார்த்தபடியே அவர் கேட்டார்:

"அன்னிக்கு நீ உள்ள மாட்டினப்ப, நான் பேசாம இருந்த நேரத்துல உனக்கு எப்படி இருந்துச்சு?"

"முதல்ல உங்களைத் திட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... நீங்க மேல இருக்கீங்கன்னுதான் தெரியுமே. அடுத்து எப்பப் பேசுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"எல்லாரும் பேசச் சொல்றாங்கன்னு ஆரம்பத்துல நானும் நெறயப் பேசுவேன். அந்தக் கம்பி, இந்த பிரேக்குன்னு விளக்குவேன். உள்ள இருக்கவனுக்குப் பயம் கூடத்தான் கூடும். அப்புறம் கொறச்சுக்கிட்டேன்." சுவரில் இருந்த மைக்கைப் பார்த்தார். "அங்க கை வேலையா இருக்கு. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இருக்கணும். அதனால சும்மா இருக்க முடியுது. இங்க சுத்தறதுக்கு ஒண்ணுமில்லையே."

பெட்டியை மறுபடி போட்டார். மத்தியானம் வரைக்கும் வாசித்தார். நான் படியில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, காத்திருந்தேன் என்பதுதான் சரி.

கடைசிச் சனிக்கிழமை ஹாலில் கூட்டம் அதிகம். பதினாறு மேசையும் நிறைந்திருந்தன. டீச்சர் முதல் பாதியைப் பாடி முடித்து மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மாஸ்டரின் இடதுகை கீபோர்டில் தயாராக இருந்தது; இவர் ஓடத் தொடங்கினால் அவர் மூடிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்.

முதல் சுரத்தை அடித்தார். நின்றது. வலதுகையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அந்தக் கை மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றுவது போல, ஒரு வட்டம் போட்டது. எனக்கு விளங்கிவிட்டது. சக்கரத்தைச் சுற்றுகிறார். ஒரு சுற்று முடிந்ததும் கையைத் தூக்கி இரண்டாவதை அடித்தார். மறுபடி சுற்று. மூன்றாவது சுரம் நின்றபோது நெற்றியில் வேர்வை இறங்குவது சமையலறைக் கதவிலிருந்தே தெரிந்தது. இடதுகை விரல் ஒன்று துள்ளியது. அதை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டார். நான்காவது.

டீச்சர் மைக்கை அருகில் கொண்டுவந்து அடுத்த அடியைப் பாடினார்.

யாரும் கை தட்டவில்லை. எந்த மேசையிலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் தன் மனைவியின் தட்டில் எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கரண்டிகளும் பேச்சும் அதுபாட்டுக்கு நடந்தன.

வேனில் ஏறினோம்.

"அடுத்த வாரம் அந்தக் கருப்பு கேபிளைக் கொண்டா, இது கரகரங்குது" என்றார் மாஸ்டர் இவரிடம். இவர் குழுவில் இருக்கிறார் என்பதை அவர் சொன்ன விதம் அதுதான்.

"நீங்க இன்னிக்கு வாசிக்கவே இல்லையா மிஷின்?" டீச்சர் நிஜமாகத்தான் கேட்டார். "நான் திரும்ப எடுக்கிற இடம் தானா வந்துச்சே."

"மிஷின்ல நூல் தீந்துபோச்சு டீச்சர்" என்றார் டிரம்ஸ்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே பிஸ்கட்டைப் பிரித்தார். ஆனால் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டுத் தனக்கு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். பதினான்கு வருஷம் அந்தப் பதினாறு நொடியில் வந்துகொண்டிருந்த கைதட்டல், சின்னதோ பெரியதோ, இனிமேல் வராது. அதை விட்டுக்கொடுத்துத்தான் வேனில் அந்த இடத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். இறங்கும்போது என்னிடம் மட்டும், "ஒருத்தனாவது திரும்புவான்னு நெனச்சேன்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் போடும் சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றார்.

மழை வரும், கயிறு வரும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நேரம் போயிற்று.

"இல்ல, இருக்கேன்" என்றார். அப்புறம் "ம்." ரொம்ப நேரம் கழித்து இன்னொரு "ம்."

பத்து நிமிஷம் தாண்டி, இருபது ஆயிற்று. நான் துவைக்க வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். கேட்கக் கூடாத இடம் என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது அவர் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அலமாரி திறந்து, அந்த ஒன்பது வயதுப் படம் தெரிந்தது. கிடார் பை கட்டிலுக்கடியிலேயே இருந்தது.

"நான் ஒண்ணும் பேசல" என்றார். "அவதான் பேசினா. நான் சும்மா இருந்தேன்."

"நல்லதுதானேண்ணே."

"பாப்பா கண்ணாடி போட்டிருக்காளாம்."

நான் வாசலிலேயே நின்றேன்.

"ஆறு மாசம் ஆச்சாம். சொல்றதுக்கு எங்க விட்டீங்கன்னு கேக்கறா." எழுந்து படத்தின் பக்கம் போனார். அந்தச் சின்ன முகத்தில், மூக்குக்கு மேலே, விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் இன்னொன்று. "எப்படி இருப்பா?" என்றார்.

எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். நான் நின்றுகொண்டிருந்தேன். அவரும் என்னைப் போகச் சொல்லவில்லை.